மணலில் எழுதிய அகரமும் கைப்பேசித் திரையும்

‘நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்து’ என்ற பெயர்ப்பலகையின் முன் வெளியூர் நண்பர்கள் சற்றே தயங்கி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். முதல் சொல் தமிழ். இரண்டாவது பிரெஞ்சு. மூன்றாவது வடக்கிலிருந்து வந்தது. மூன்று சொற்களில் முந்நூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. 1880-இல் பிரெஞ்சு ஆட்சி தன் நாட்டு உள்ளாட்சி முறையை இங்கே கொண்டுவந்தபோது உடன்வந்த ‘கொம்யூன்’ என்ற சொல், ஆட்சி போன பின்னும் பலகையை விட்டு இறங்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைத் தந்த மொழியைப் பேசுபவர்கள் இன்று நம் கிராமங்களில் எத்தனை பேர்? ஓய்வூதியம் பெறும் ‘சொல்தா’ வீட்டுப் பெரியவர்கள் சிலர். அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு நண்பர்கள் நால்வரும் சேர்ந்து, இணையக் காணொளிகளைக் கொண்டே பிரெஞ்சு மொழியைக் கற்பது என்று முடிவு செய்தோம். அந்த முயற்சியில் பட்ட அடிகளும் கண்ட தெளிவுகளும் நம்மைப் பழைய காலத்தை நோக்கித் திருப்பின. நமக்கு முன்னால் இந்த மண்ணில் பிறமொழி கற்றவர்கள் எப்படிக் கற்றார்கள்? அகராதி இல்லாத காலத்தில், பள்ளி இல்லாத இடத்தில், எந்த வழியைக் கண்டுகொண்டார்கள்? இக்கட்டுரை அந்தத் தேடலின் விளைவு.

வாகூரின் செவிவழி

நெட்டப்பாக்கத்துக்கு அண்டையிலுள்ள வாகூரிலிருந்தே தொடங்கலாம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வாகூர்ச் செப்பேடுகள் வரலாற்று ஆர்வலர்கள் நன்கறிந்தவை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் ஒன்றுக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. செப்பேட்டில் வடமொழிப் பகுதியும் உண்டு, தமிழ்ப் பகுதியும் உண்டு. இரு மொழிகளும் ஒரே ஏட்டில் பக்கத்துப் பக்கமாய் அமர்ந்திருக்கின்றன.

இத்தகைய கல்விச்சாலைகளில் வேதம் கற்பிக்கப்பட்ட முறை முற்றிலும் செவியை நம்பியது. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களைப் பிரித்தும் கோத்தும் முன்பின்னாக மாற்றியும் திரும்பத் திரும்ப ஓதவைப்பார்கள். ஒரு சொல் பல கோணங்களில் நாவில் புரண்டு வந்தபிறகு அதை மறப்பது கடினம். நமது திண்ணைப் பள்ளிகளிலும் ஏறக்குறைய இதே வழக்கம்தான். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றப் பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்ல, நிகண்டும் எண்சுவடியும் மனத்தில் ஏறின. இன்று நாம் காணொளியை நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, அதே வாக்கியத்தை ஏழாவது முறை கேட்கும்போது செய்வதும் இதைத்தான். பொறி புதிது, முறை பழையது.

இந்த வட்டாரத்துக் கல்விமுறை கடல் கடந்தும் போயிருக்கிறது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனையே தம் இல்லத்தில் மேற்கொண்டார். முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனுடன் இணைத்து 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே பரவியது.

கடிகாரம் வைத்துக் கற்றவர்

மணலில் எழுதிப் படித்த வெளிநாட்டார் ஒருவர் பெல்லுக்கும் முன்பே உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அவர். தமிழ் கற்க அவருக்கு இலக்கணமோ அகராதியோ கிடைக்கவில்லை. உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அழைத்துப் பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து மணலில் அகரம் எழுதினார். அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

நம்மைப் பெரிதும் ஈர்த்தது அவர் வகுத்துக்கொண்ட நாள் ஒழுங்கு. காலையில் முதல் வேலை, முன்பு குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் மீண்டும் சொல்லிப் பார்ப்பது. எட்டு மணி முதல் நண்பகல் வரை தமிழ்ச் சுவடிகள் மட்டுமே. பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார். எழுத்தர், தெரியாத சொற்களைக் குறித்து வைப்பார். மாலையிலும் வாசிப்பு. இரவில் கண் களைத்த பிறகு ஒருவர் படிக்கச் சொல்லிக் கேட்பார். சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புப் பட்டியலை அவரால் தயாரிக்க முடிந்தது. 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியானது.

இதில் கவனிக்க வேண்டியது அவருடைய உழைப்பு மட்டுமன்று. கண், செவி, வாய், கை ஆகிய நான்கிற்கும் அவர் தனித்தனியே நேரம் ஒதுக்கினார். காணொளி பார்த்து மொழி கற்கிறவர்களில் பெரும்பாலோர், நாமும் உட்பட, செய்யத் தவறுவது இதையே. கண்ணையும் செவியையும் திரைக்குக் கொடுத்துவிட்டு, வாயையும் கையையும் சும்மா வைத்திருக்கிறோம்.

இருமொழியாளர்

புதுச்சேரிக்கு வருவோம். 1674-இல் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே கால் ஊன்றியதிலிருந்து, இரு தரப்புக்கும் இடையே நின்றவர்கள் துபாஷிகள். ‘இருமொழியாளன்’ என்பதே அச்சொல்லின் பொருள். இவர்களில் தலைசிறந்தவர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736-இல் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், தமிழ்த் தொடர்களுக்கு நடுவே பாரசீகமும் போர்த்துகீசியமும் பிரெஞ்சும் இயல்பாகக் கலந்து வருவதைக் காணலாம். அவை புத்தகத்தில் பார்த்து எழுதிய சொற்கள் அல்ல. பண்டகசாலையிலும் துறைமுகத்திலும் ஆளுநர் மாளிகையிலும் காதில் விழுந்தபடியே ஏட்டில் இறங்கியவை. வணிகமே பள்ளி, சரக்கே பாடநூல். எதிர்த்திசையிலும் இது நடந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த துய்ப்ளேக்சின் மனைவி ழான் தமிழ் பேசக்கூடியவர். அரசியல் காரியங்களுக்கு அந்தத் தமிழ் பெரிதும் பயன்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1826-இல் பிரெஞ்சுப் பள்ளியான ‘லிசே’ தோன்றியது. முசே, துய்ப்புய் ஆகிய பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1855-இலும் 1862-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1889-இல் அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கே தொடங்கப்பட்டது. மொழி கற்பதற்கு இனிக் கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அக்கருவிகள் பெரிதும் நகரத்துக்குள்ளேயே இருந்தன. வாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பக்கத்து உழவனுக்குப் பிரெஞ்சு என்பது மேரியில் பதிவாகும் பிறப்புச் சான்றின் மொழி, பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளை விடுமுறையில் வந்து பேசும் மொழி. அவ்வளவுதான்.

ஆத்திசூடி இல்லாமல் நேரே காவியம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி, பிரிட்டிஷ் காவலரிடமிருந்து தப்பியவர்களின் ஊராயிற்று. 1908-இல் பாரதியார் வந்தார். 1910-இல் அரவிந்தர் வந்தார். பாரதியாரின் துணையோடு அரவிந்தர் தமிழ் கற்றதும், ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1915-இல் தம் ‘ஆர்யா’ இதழில் வெளியிட்டதும் இலக்கிய வாசகர்கள் அறிந்த செய்திகள்.

அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, அரவிந்தர் மொழி கற்பித்த முறை. அவருடன் இருந்த வங்க இளைஞர் நளினி காந்த குப்தா தம் நினைவுக் குறிப்புகளில் இதை விவரித்திருக்கிறார். பாலபாடம் கிடையாது, சிறுவர் கதைப் புத்தகமும் கிடையாது. கிரேக்கம் கற்க வேண்டுமா? எடுத்த எடுப்பில் யூரிப்பிடிஸின் ‘மெடியா’. அடுத்ததாக சோபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’. இலத்தீனுக்கு வர்ஜிலின் காவியம், இத்தாலியத்துக்குத் தாந்தே, பிரெஞ்சுக்கு மொலியேரின் நாடகம். நீச்சல் தெரியாதவனை ஏரியின் நட்டநடுவில் இறக்கிவிட்ட கதை போலத் தோன்றும். ஆனால் பக்கத்தில் நீந்தத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. மாணவரும் இலக்கியத்தில் தோய்ந்தவர். சுவை இழுத்துச் சென்ற இடத்துக்கு இலக்கணம் பின்தொடர்ந்து வந்தது.

இதற்கு நேர் எதிரான சூழலில் ஏறத்தாழ இதே முறையைக் கையாண்டவர், டிராய் நகரைத் தோண்டியெடுத்த ஹைன்ரிக் ஷ்லீமன். ஆம்ஸ்டர்டாமில் எழுத்தராக இருந்த இளமையில், ஆசிரியர் எவரும் கிடைக்காமல் ‘தெலமாக்’ கதையின் ரஷ்ய மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்தே ரஷ்ய மொழி கற்றார். கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் ஊக்கம் வரும் என்று எண்ணி, வாரம் நான்கு பிராங்க் கூலிக்கு ஒரு முதியவரை அமர்த்திக்கொண்டார். அவருக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஷ்லீமன் உரக்க ஒப்பித்ததில் அண்டை வீட்டார் முறையிட, இருமுறை குடியிருப்பை மாற்ற வேண்டியிருந்ததாம்! அரவிந்தரின் மாணவருக்குத் திருத்துபவர் இருந்தார். ஷ்லீமனுக்குக் கேட்பவர் மட்டுமே இருந்தார். திரைக்கு முன் தனியே அமர்ந்திருக்கும் நமக்கு இருவருமே இல்லை.

திரையில் ஓடிய எழுத்து

ஒலியைப் பிடித்து வைக்க 1877-இல் எடிசன் வழி கண்டபின், இசைத்தட்டில் மொழிப்பாடம் வர அதிக காலம் ஆகவில்லை. இலண்டனின் லிங்குவாபோன் நிறுவனம் 1901-இல் தொடங்கியது. பின்னர் வானொலி, ஒலிநாடா, தொலைக்காட்சி. தமிழ்நாட்டிலோ ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் ‘30 நாட்களில்’ வரிசை நூல்கள் பல தலைமுறைகளுக்கு ஆசிரியராக இருந்தன.

காணொளிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய முக்கியமான சிந்தனை ஒன்று, புதுச்சேரியோடு தொடர்புள்ள ஒருவருக்கு உதித்தது. அரவிந்தர் ஆசிரமச் சூழலில் வளர்ந்த பிரிஜ் கோத்தாரி, 1996-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, ஸ்பானியம் கற்கும் பொருட்டு நண்பர்களுடன் ஸ்பானியப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. அதுவே ஸ்பானிய எழுத்தாக இருந்திருந்தால் வசனத்தைப் பிடிக்க எளிதாயிருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. கூடவே இன்னோர் எண்ணமும் பிறந்தது: இந்தித் திரைப்பாடல்களுக்கு அடியில் இந்தி வரிகளையே ஓடவிட்டால், அரைகுறையாக எழுத்தறிந்த கோடிக்கணக்கானோர் பாடலோடு சேர்ந்து படிக்கப் பழகுவார்களே! அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்திலிருந்து அவர் இதை முன்னெடுக்க, குஜராத் தூர்தர்ஷனிலும் பின்னர் தேசிய அளவிலும் பாடல் நிகழ்ச்சிகளில் எழுத்து ஓடியது.

இதன் அடிப்படை எளியது. பாடல் வரி கேட்பவருக்கு முன்பே மனப்பாடம். தெரிந்த ஒலியின் மேல் தெரியாத எழுத்து வந்து அமர்கிறது. தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே தெரியாததை நோக்கி நகர்வது என்ற இந்தக் கருத்துக்குப் பின்னால் மீண்டும் வருவோம்.

நாம் பட்ட பாடு

2005-இல் யூடியூப் தொடங்கியபோது, இது மொழிப்பள்ளியாகும் என்று எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? இன்று பிரெஞ்சு கற்க அதில் கிடைப்பவை ஒரு வாழ்நாளுக்குப் போதா. நமது முதல் பிழை அங்கேதான் நேர்ந்தது. ‘சிறந்த பாடங்கள்’ என்று பட்டியல் சேர்த்தோம். பிறகு பட்டியல்களின் பட்டியல். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், ஐம்பது வெவ்வேறு ஆசிரியர்கள் ‘போன்ழூர்’ சொல்வதைக் கேட்டிருந்தோமே தவிர, ஆறாவது பாடத்தைத் தாண்டவில்லை. சந்தைக்குப் போய் விதை விசாரித்துக்கொண்டே பட்டத்தைத் தவறவிட்டவன் நிலை.

பிறகு அகலத்தை விட்டு ஆழத்தைப் பிடித்தோம். மூன்று நிமிடக் காணொளி ஒன்று, ஒரு வாரத்துக்கு. முதல் நாள் எழுத்தில்லாமல் வெறுமனே கேட்பது. மறுநாள் பிரெஞ்சு எழுத்தோடு. மூன்றாம் நாள் வேகத்தைக் குறைத்துக் கேட்டு, கையால் எழுதிப் பார்ப்பது. நான்காம் நாள் பேசுபவரின் குரலோடு நம் குரலையும் சேர்ப்பது. ஐந்தாம் நாள் அதைத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு, காணொளியைப் பாராமல் பிரெஞ்சுக்குத் திருப்புவது. வார இறுதியில் ஊரிலுள்ள சொல்தா தாத்தா ஒருவரிடம் போய் ஒப்பிப்பது. அவர் சிரிப்பார், திருத்துவார். சீகன்பால்குக்குப் புலவர் எப்படியோ, நமக்கு அவர்.

இப்படிச் செவியைத் தீட்டியபோதுதான் ஒரு வியப்பு. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் தமிழருக்குக் கடினம் என்று படித்திருந்தோம். ஆனால் நாம் பேச்சில் ‘மரம்’, ‘பணம்’ என்பவற்றின் ஈற்று மகரத்தை உதடு மூடியா சொல்கிறோம்? உயிரையே மூக்கால் ஒலித்து நிறுத்திவிடுகிறோம். ‘வந்தான்’ என்பதன் ஈற்று னகரமும் அப்படித்தான். ஆக, அவ்வகை ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருந்தது. எழுத்து அதை மறைத்து வைத்திருந்தது. சொல்லீற்றில் ஒலிக்காமல் கிடக்கும் மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் உயிர்பெற்று ஒட்டிக்கொள்ளும் பிரெஞ்சு வழக்கும், புணர்ச்சி விதிகளோடு வளர்ந்த நமக்கு அந்நியமாகப் படவில்லை. உடம்படுமெய்யின் தூரத்து உறவினர் என்று எண்ணிக்கொண்டோம். எல்லாம் இப்படி எளிதாகிவிடவில்லை. ‘நீ’ என்று பொருள்படும் ‘த்யு’வில் வரும் உயிர், உதட்டை உகரத்துக்குக் குவித்துக்கொண்டு இகரம் சொல்வது. அதற்கு இன்றும் தாத்தா சிரிக்கிறார்.

ஆயாவின் வழி

ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் வேறொருவர். நண்பர் ஒருவரின் பெரியம்மா. அறுபதைக் கடந்தவர். அவர்களுடையது 1962-இல் இரண்டாகப் பிரிந்த குடும்பம். 1956 மே 28-இல் கையெழுத்தான இணைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 1954 மார்ச் இறுதியில் எதுவார் குபேர் தரப்பினர் இந்தியக் கொடியேற்றித் தற்காலிக ஆட்சி அமைத்த நெட்டப்பாக்கத்திலும் சில வீடுகளில் அண்ணன் ஒரு நாட்டவர், தம்பி ஒரு நாட்டவர் ஆனார்கள். அதே ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாதவரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்றும் கூறியது. 1965-இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை முன்னிறுத்தியது. ஏட்டில் நடந்த இம்மாற்றங்கள் ஒருபுறமிருக்க, பிரான்சில் பிறந்த பேரப்பிள்ளைகள் தமிழை விட்டு விலகியது மறுபுறம் நடந்தது.

பெரியம்மாவின் பேத்திக்கு ‘ஆயா’ என்ற சொல்லைத் தவிரத் தமிழ் வராது. ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சிரிப்பார்கள். மகன் நடுவில் துபாஷியாக நிற்பான். அவன் எழுந்து போய்விட்டால் பேச்சு நின்றுவிடும்.

நம்முடைய வாரத் திட்டத்தைப் பெருமையோடு அவரிடம் விளக்கினோம். “அதெல்லாம் எனக்கு ஆவாதுப்பா” என்று ஒதுக்கிவிட்டார். சில மாதம் கழித்து அவர் தாமாகவே ஒரு வழி கண்டிருந்தார். பிரெஞ்சு சமையல் காணொளிகள்! வெங்காயம் நறுக்குவதும் மாவு பிசைவதும் எண்ணெய் காய்வதும் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கை செய்யும் காரியம் கண்ணுக்குத் தெரிகிறது. வாய் சொல்லும் சொல் மட்டுமே புதிது. கிளறும்போதெல்லாம் வரும் சொல் ‘மெலான்ஜே’, உப்புப் போடும்போது வருவது ‘செல்’ என்று தானே பிரித்தறிந்துகொண்டார். இலக்கணம் இல்லை. பால் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் இல்லாத வேளையில், ‘என்ன சாப்பிட்டாய், அதில் என்னென்ன போட்டார்கள்’ என்று பேத்தியிடம் கேட்டு, பதிலில் பாதியைப் புரிந்துகொண்டும் விட்டார். “அவ வெங்காயம் புடிக்காதுன்னு சொல்றா” என்று நம்மிடம் சொன்னபோது அவர் முகத்திலிருந்த மலர்ச்சியை எந்தத் தேர்வுச் சான்றிதழும் தந்திராது.

தொகுத்துப் பார்த்தபோது நமக்கு விளங்கியது இதுதான். சீகன்பால்கு சமயத்தின் வழியாகத் தமிழுக்குள் நுழைந்தார். துபாஷிகள் வணிகத்தின் வழியாகப் பிரெஞ்சுக்குள் நுழைந்தார்கள். நளினி காந்தர் இலக்கியத்தின் வழியாக, கோத்தாரியின் நேயர்கள் பாட்டின் வழியாக, பெரியம்மா அடுப்படியின் வழியாக. ஒவ்வொருவரும் தமக்கு நன்கு பழகிய ஒன்றைக் கைவிளக்காக ஏந்தியே புதிய வீட்டுக்குள் போனார்கள். அவர்கள் யாருடைய முறையும் இன்னொருவருக்கு அப்படியே பொருந்தியிராது. பெரியம்மாவிடம் மொலியேரைக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

காணொளிகள் வந்ததால் இவ்விதி மாறிவிடவில்லை. மாறியது ஒன்றே. முன்பு புலவரையும் எழுத்தரையும் அமர்த்தும் வசதி உள்ளவர்க்கே வாய்த்த தெரிவு, இன்று எம்பலத்திலும் மடுகரையிலும் கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் வாய்த்திருக்கிறது. எதைத் தெரிவு செய்வது என்பதைத்தான் எந்தக் காணொளியும் சொல்லித் தராது. உங்கள் கை எதை ஏற்கெனவே அறியுமோ, அங்கிருந்து தொடங்குங்கள். திருத்திச் சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். எதிரில் பேச ஒரு மனிதர் காத்திருந்தால் பாதித் தொலைவு கடந்ததாகக் கொள்ளலாம்.

பேத்தி இப்போது ‘வெங்காயம்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். யகரத்தை இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை என்று ஆயா குறைப்பட்டுக்கொள்கிறார்.